மாருதி 800 முதல் ஆல்ட்டோ கே10 வரை: சின்னக் கார் ஏன் இப்படி மாறியது?

கேள்வி இதுதான்: “47,500 ரூபாய்க்கு மாருதி 800 விற்ற நாட்டில் இன்று சாதாரண ஆல்ட்டோவே வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து நாலு லட்சத்தைத் தாண்டுகிறது. 40 வருடத்தில் அப்படி என்ன மாற்றிவிட்டார்கள்? அந்தப் பழைய 800-ஐயே இன்றைக்கும் செய்து விற்றால் என்ன?”

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். பழைய 800-ஐ இன்று செய்து விற்கச் சட்டம் விடாது, விடவும் கூடாது. ஏன் என்று புரிய வேண்டுமானால் இந்தக் கார் தலைமுறை தலைமுறையாக எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். ஏனென்றால் இந்த வரிசையில் நடந்த பெரிய மாற்றம் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வரிக் கணக்கோ, மாசு விதியோ, பாதுகாப்பு விதியோ, இல்லாவிட்டால் பக்கத்தில் வந்து நின்ற ஒரு போட்டிக் காரோ இருக்கிறது. கம்பெனி தானாக ஆசைப்பட்டு மாற்றியது ரொம்பக் குறைவு.

முதலில் ஜப்பானுக்குப் போவோம். அங்கே ‘கே கார்’ என்று ஒரு வகை உண்டு. நீளம், அகலம், இன்ஜின் அளவு மூன்றுக்கும் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள், அதற்குள் அடங்கினால் வரி குறைவு. 1970-களின் கடைசியில் இன்ஜின் வரம்பு 550 சிசி. அப்போது பயணிகள் காருக்குத் தனியாக ஒரு வரி இருந்தது, வணிக வண்டிக்கு அது கிடையாது. சுசுகி நிறுவனத்தின் தலைவர் ஒசாமு சுசுகி இதைப் பிடித்துக்கொண்டார். இரண்டே கதவு, பின்னால் பேருக்கு ஒரு சீட்டு, வணிக வண்டி என்று பதிவு, விலை 4,70,000 யென். 1979-இல் முதல் ஆல்ட்டோ இப்படித்தான் வந்தது, வந்த வேகத்தில் விற்றது. அதே வண்டியின் பயணிகள் வடிவத்துக்கு ஃப்ரான்ட்டே என்று பெயர். வெளிநாடுகளுக்கு அனுப்புவதற்காக அதே உடலில் கொஞ்சம் பெரிய 796 சிசி இன்ஜினை வைத்தார்கள். எஸ்எஸ்80 என்று சுசுகிக்குள் அழைக்கப்பட்ட அந்த வண்டிதான் இந்தியாவுக்கு வந்து மாருதி 800 ஆனது. ஆக, நாம் பார்த்துப் பழகிய காரின் மூதாதை பிறந்ததே ஒரு வரியை மிச்சம் பிடிக்கத்தான்.

இந்தியாவில் அன்றைக்கு இருந்த நிலைமை இன்றைய இளைஞர்களுக்குக் கற்பனை செய்வதே கஷ்டம். அம்பாசடர், பிரீமியர் பத்மினி, இவற்றை விட்டால் சொல்லிக்கொள்ளும்படி வேறு கார் இல்லை. பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 1981-இல் அரசு நிறுவனமாக மாருதி உத்யோக் தொடங்கப்பட்டது, 1982-இல் சுசுகி 26 சதவீதப் பங்கோடு உள்ளே வந்தது. அந்த நாட்களில் நிறுவனத்தை நடத்தியவர் வி. கிருஷ்ணமூர்த்தி, தமிழ்நாட்டில் பிறந்தவர், அதற்கு முன்பு பெல் (பிஎச்இஎல்) நிறுவனத்துக்குத் தலைமை வகித்தவர். பொதுத்துறை என்றாலே மெத்தனம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், ஒப்பந்தம் போட்ட ஒன்றே கால் வருடத்துக்குள் குர்கானில் இருந்து கார் வெளியே வந்தது. 1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி முதல் காரின் சாவியைக் கொடுத்தார். ஆரம்பத்தில் பாகங்கள் ஜப்பானிலிருந்து பெட்டியில் வந்தன, இங்கே பூட்டினார்கள். பிறகுதான் ஒவ்வொன்றாக உள்ளூர்த் தயாரிப்புக்கு மாறியது.

விலை 47,500 என்றதும் எல்லோரும் பெருமூச்சு விடுகிறார்கள். கொஞ்சம் கணக்குப் போடுங்கள். அந்த வருடம் 10 கிராம் தங்கம் சுமார் 1,800 ரூபாய், பவுன் ஏறக்குறைய 1,440. அதாவது ஒரு 800 வாங்க 33 பவுன் வேண்டும். தங்கம் அதற்கப்புறம் தறிகெட்டு ஏறிவிட்டதால் இன்றைய காரை அதே பவுனால் அளப்பது நியாயமில்லை, ஆனால் 1983-இல் 33 பவுன் என்பது நடுத்தரக் குடும்பத்தில் ஒரு பெண்ணின் கல்யாணச் செலவு. ‘மக்கள் கார்’ என்று பெயர் இருந்தாலும் முதலில் அதை வாங்கியவர்கள் டாக்டர்களும் ஆடிட்டர்களும் வியாபாரிகளும்தான். அது எல்லோருக்குமான காராக ஆனது பின்னால், வங்கிக் கடன் பரவலாகி, பழைய 800-கள் இரண்டாம் கை, மூன்றாம் கை என்று இறங்கத் தொடங்கிய பிறகு.

அந்தக் காரில் என்ன இருந்தது? மூன்று சிலிண்டர், குறுக்காகப் படுக்க வைத்த இன்ஜின், முன்சக்கர இழுவை, நான்கு கியர், 12 அங்குலச் சக்கரம். அம்பாசடர் ஓட்டிய கைக்கு ஸ்டீயரிங்கும் கிளட்சும் விளையாட்டுச் சாமான் மாதிரி லேசாக இருந்தன. கதவின் உள்பக்கத்தில் ஜன்னலைச் சுற்றி வெறும் தகரம் தெரியும், வெளியே அடித்த அதே பெயின்ட். டேஷ்போர்டில் ஒரு சோக் குமிழ். கொடைக்கானலிலோ ஊட்டியிலோ மார்கழிக் காலையில் அதை முழுக்க வெளியே இழுத்துவிட்டுத்தான் சாவியைத் திருப்ப வேண்டும், இன்ஜின் உயிர் வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ள வேண்டும், அவசரப்பட்டுத் தள்ளினால் மூன்று சிலிண்டரும் தடதடவென்று உதறிவிட்டு நின்றுபோகும், மறந்து வெளியிலேயே விட்டால் பெட்ரோல் வாசனை மூக்கைத் துளைக்கும். பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் இருந்த காரில் கலவையைச் சரிபண்ணும் பொறுப்பு ஓட்டுபவர் கையில் இருந்தது.

1986-இல் உடல் மாறியது. ஜப்பானில் வந்த இரண்டாம் தலைமுறை ஆல்ட்டோவின் உடல். நம் தலைமுறை ‘எய்ட் ஹன்ட்ரட்’ என்று சொல்லும்போது மனதில் வரும் சதுர முகம், சாய்ந்த பின்கண்ணாடி, எல்லாம் இதுதான். உள்ளே இன்ஜின் அதே 796 சிசி. 1987-இல் ஹங்கேரிக்கு ஏற்றுமதியும் தொடங்கியது, ஐரோப்பாவுக்கு நம் கார் போனது அன்றைக்குப் பெரிய செய்தி. பாகிஸ்தானில் இதே உடலை மெஹ்ரான் என்ற பெயரில் 1989 முதல் 2019 வரை, முப்பது வருடம், பெரிய மாற்றமில்லாமல் விற்றார்கள். ‘பழைய 800-ஐயே செய்தால் என்ன’ என்று கேட்பவர்கள் அந்த நாட்டைப் பார்க்கலாம். மாற்றத்துக்கான நெருக்கடி தாமதமானால் முப்பது வருடத்துக்கு முந்தைய காரை மக்கள் புதுக் கார் விலைக்கு வாங்க வேண்டியிருக்கும்.

இந்தியாவிலும் கிட்டத்தட்ட அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. 1986-க்கும் 1998-க்கும் நடுவில் 800-இல் நடந்த மாற்றங்கள் பம்பர், விளக்கு, சீட் துணி என்ற அளவில்தான். மாருதியின் ஜென் 1993-இல் வந்தது, ஆனால் அது வேறு விலை, வேறு வாடிக்கையாளர். 1998-இல்தான் ஆட்டம் மாறியது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் கட்டிய தொழிற்சாலையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ செப்டம்பரில் வந்தது. நான்கு சிலிண்டர், கார்புரேட்டருக்குப் பதில் கணினி பார்த்துப் பெட்ரோல் செலுத்தும் எம்பிஎஃப்ஐ, உயரமான கூரை. முதலில் அதன் உருவத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள், சேலை கட்டிய அம்மாவும் முட்டிவலிக்காரத் தாத்தாவும் குனியாமல் ஏறி உட்கார முடிகிறது என்று தெரிந்ததும் முன்பணம் கட்டினார்கள். டிசம்பரில் டாடா இண்டிகா. மாருதி உடனே 800-இன் விலையைக் குறைத்தது. குறைக்க முடிந்தது என்பதையே நாம் கவனிக்க வேண்டும்: போட்டி இல்லாத வருடங்களில் அந்தக் காருக்கு நாம் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த தள்ளு உச்ச நீதிமன்றத்திலிருந்து வந்தது. டெல்லிக் காற்று மாசு வழக்கில், தலைநகர் வட்டாரத்தில் பதிவாகும் கார்கள் 1999 ஜூன் முதல் யூரோ 1, 2000 ஏப்ரல் முதல் யூரோ 2 என்ற புகை விதிக்குள் வர வேண்டும் என்று உத்தரவு. கார்புரேட்டரின் கதை அத்தோடு முடிந்தது. 800-க்கு எம்பிஎஃப்ஐ வந்தது, அதாவது எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பதைச் சென்சார்களும் கணினியும் முடிவு செய்தன. சோக் குமிழ் காணாமல் போனது. தெருமுனை மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரால் ‘டியூனிங்’ பண்ணும் காலமும் மெல்லப் போய்விட்டது. பல பேருக்கு அது இன்றும் குறை, ஆனால் புகையும் குறைந்தது, காலையில் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது, மைலேஜும் ஓட்டுபவரின் கைராசியைப் பொறுத்து மாறாமல் நிலையாக நின்றது. எனக்கு அது முழு லாபம்தான்.

2000 செப்டம்பரில் ஆல்ட்டோ. ஜப்பானில் 1998-இல் வந்த ஐந்தாம் தலைமுறையின் உடல். இங்கே 796 சிசி, 1,061 சிசி என்று இரண்டு இன்ஜின். மாருதி 800-இன் வீல்பேஸ், அதாவது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் உள்ள தூரம், 2,175 மி.மீ., ஆல்ட்டோவுக்கு 2,360. முன் சீட்டில் உயரமானவர் உட்கார்ந்தாலும் பின்னால் கால் வைக்க இடம் கிடைத்தது இந்த 18 சென்டிமீட்டர் வித்தியாசத்தால்தான். கியர் ஐந்து. இன்ஜின் பழைய 796-தான், ஆனால் ஒரு சிலிண்டருக்கு இரண்டு வால்வுக்குப் பதில் நான்கு. 37 குதிரைச்சக்தி 46 ஆனது.

ஓட்டிப் பார்த்தவர்கள் இங்கே ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பார்கள். காகிதத்தில் ஆல்ட்டோ பலசாலி, ஆனால் ஊருக்குள் 800 சுறுசுறுப்பாகத் தோன்றும். காரணம் இழுவிசை (டார்க்) இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றும்போது கிடைக்கிறது என்பது. 800-இன் உச்ச இழுவிசை 59 நியூட்டன் மீட்டர், 2,500 சுற்றிலேயே வந்துவிடும், வண்டியும் 650 கிலோதான். ஆல்ட்டோவில் 62, ஆனால் 3,000 சுற்றில், எடையும் 700-ஐத் தாண்டியாயிற்று. நாலு பேர், ஏசி, மேம்பாலம் மூன்றும் சேர்ந்தால் இரண்டாவது கியருக்கு இறங்காமல் ஏறாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் 796 சிசி ஆல்ட்டோ ஓட்டியவர்கள் பலர் ஏசி சுவிட்சில் கை வைத்தபடியேதான் ஏறியிருப்பார்கள். இந்தக் குறையைத் தெரிந்தேதான் மக்கள் வாங்கினார்கள். கிளட்ச் லேசு, எந்தச் சந்திலும் திரும்பும், எந்த ஊரிலும் பாகம் கிடைக்கும், விற்கும்போது விலை விழாது. 2004 வாக்கில் 800-ஐ முந்தி, அதன் பிறகு பல வருடம் நாட்டிலேயே அதிகம் விற்ற கார் இதுதான். 2010-11 நிதியாண்டில் மட்டும் 3 லட்சத்துக்கு மேல். முழு வரிசையிலும் கொடுத்த காசுக்கு மிக நேர்மையான கார் எது என்று கேட்டால் 2000-களின் இந்த ஆல்ட்டோவில் எல்எக்ஸ்ஐ வகையைத்தான் சொல்வேன், அன்றைய அளவுகோலின்படி.

நடுவில் 2006 பட்ஜெட்டை மறக்கக் கூடாது. 4 மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1,200 சிசிக்குள் இன்ஜின், இப்படி இருக்கும் கார்களுக்குக் கலால் வரி 24-லிருந்து 16 சதவீதமாகக் குறைந்தது. இன்றைக்கு நம் ரோட்டில் ஓடும் பாதிக் கார்கள் பின்பக்கம் வெட்டிவிட்டது போல 3.99 மீட்டரில் நிற்கிறதே, அதற்குக் காரணம் இந்த வரிதான். ஜப்பானில் கே கார் விதி செய்த வேலையை இங்கே இது செய்தது. ஆல்ட்டோவுக்கு இதில் லாபம் இருந்தாலும், நீண்ட காலத்தில் பாதகமும் இதிலேயே இருந்தது. மூன்றரை மீட்டர் காருக்கும் நாலு மீட்டர் காருக்கும் ஒரே வரி என்றால், ரொம்பச் சின்னக் காருக்கென்று தனிச் சலுகை எதுவும் இல்லை.

2008-இல் ஏ-ஸ்டார் வந்தது. மானேசரில் செய்து ஐரோப்பாவுக்கு ஆல்ட்டோ என்ற பெயரில் அனுப்பினார்கள், நிசான் பிக்ஸோ என்றும் விற்றது. நம் ஊரில் பின் சீட் இடுக்கமாக இருந்ததால் எடுபடவில்லை. அதில் வந்த 998 சிசி கே-சீரிஸ் இன்ஜின்தான் அந்தக் காரால் நமக்குக் கிடைத்த நன்மை. 2010 ஆகஸ்டில் அதை ஆல்ட்டோவில் வைத்து ஆல்ட்டோ கே10 என்று கொடுத்தார்கள். 67 குதிரைச்சக்தி, 90 நியூட்டன் மீட்டர். அவ்வளவு லேசான வண்டியில் அந்த இன்ஜின், மலையேற்றத்தில் பெரிய கார்காரர்களையே திரும்பிப் பார்க்க வைத்தது.

அதே 2010 ஏப்ரலில் 13 நகரங்களில் பிஎஸ்-4 (பாரத் ஸ்டேஜ் 4) மாசு விதி வந்தது. சென்னை அதில் ஒன்று. 800-ஐ அந்த விதிக்குக் கொண்டுவரச் செலவழிக்க வேண்டாம் என்று மாருதி முடிவு செய்ததால், சென்னையில் புது 800 கிடைக்காது, ஆனால் பட்டியலில் இல்லாத ஊர்களில் கிடைக்கும் என்ற விநோதமான நிலை சில வருடம் நீடித்தது. 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்றது. அதுவரை இந்தியாவில் மட்டும் 25 லட்சத்துக்கு மேல் விற்றிருந்தது.

டாடா நானோ பற்றிக் கேட்பீர்கள். 2009-இல் ஒரு லட்ச ரூபாய் விலையோடு வந்தது, பின்பக்க இன்ஜின், 624 சிசி, 2018-இல் நின்றது. அதன் பொறியியலில் நிஜமான புத்திசாலித்தனம் இருந்தது. ஆனால் முதல் கார் வாங்குபவருக்கு அது தெருவில் தலை நிமிர்ந்து நிற்கும் விஷயமும்கூட. ‘நாட்டிலேயே மலிவான கார்’ என்று உலகமே அறிந்த ஒன்றை வாசலில் நிறுத்த மனம் வரவில்லை. கொஞ்சம் சேர்த்துப் போட்டு ஆல்ட்டோ வாங்கிவிட்டார்கள்.

2012-இல் ஆல்ட்டோ 800. உடல் புதுசு போலத் தெரிந்தாலும் அடித்தளம் பழையதுதான், நீளம்கூட 3,495-லிருந்து 3,395 மி.மீ. ஆகக் குறைந்தது. இழுவிசையை 69-க்கு உயர்த்தினார்கள், அது நல்ல காரியம். ஆனால் 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்திய விற்பனைக் கார்கள் ஐந்தை மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் மோதவிட்டுச் சோதித்தது. ஏர்பேக் இல்லாத ஆல்ட்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ ஐந்துமே பெரியவர் பாதுகாப்பில் பூஜ்ஜிய நட்சத்திரம். ஆல்ட்டோவில் ஏர்பேக் இல்லாதது மட்டும் பிரச்சினை இல்லை, ஓட்டுநர் இருக்கும் கூடே அந்த மோதலைத் தாங்கவில்லை. அதாவது அதில் ஏர்பேக் வைத்தாலும் முழுப் பலன் இருக்காது. அந்த வீடியோவைப் பார்த்த பிறகு ‘பழைய கார் தகரம் கெட்டி’ என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். தகரம் கெட்டியாக இருப்பதில் பயனில்லை. எந்த இடம் நசுங்க வேண்டும், எந்த இடம் நசுங்கவே கூடாது என்று கணக்குப் போட்டுச் செய்ய வேண்டும், அந்தக் கணக்கு 1986-இன் உடலில் இன்றைய தரத்துக்கு இல்லவே இல்லை.

அதன் பிறகு அரசு விதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2017 அக்டோபர் முதல் புது மாடல்களுக்கும், 2019 அக்டோபர் முதல் பழைய மாடல்களுக்கும் மோதல் சோதனை கட்டாயம். 2019-இல் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது), ஓட்டுநர் ஏர்பேக், பெல்ட் எச்சரிக்கை, ரிவர்ஸ் சென்சார். 2021 கடைசிக்குள் பக்கத்து சீட்டுக்கும் ஏர்பேக். 2020 ஏப்ரலில் நாடு முழுக்க பிஎஸ்-6. ஆல்ட்டோ 800 ஒரு வருடம் முன்னதாகவே, 2019 ஏப்ரலில் பிஎஸ்-6 ஆகி, சுமார் 2.93 லட்சத்திலிருந்து விற்றது. 796 சிசி இன்ஜினிலிருந்து பிழியக்கூடிய கடைசிச் சொட்டு அதுதான் என்று நினைக்கிறேன்.

இதற்கு நடுவே போட்டியும் வந்தது. சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் செய்த ரெனோ க்விட் 2015-இல் இறங்கியபோது ஆல்ட்டோ முதல் தடவையாக வயதானதாகத் தெரிந்தது. எஸ்யூவி முகம், தொடுதிரை, உயரமான நிற்பு. இளைஞர்கள் அந்தப் பக்கம் போனார்கள். அதற்குக் கொஞ்சம் முன்னால், 2014-இல், மாருதி கே10-இல் ஏஜிஎஸ் கொடுத்திருந்தது. கிளட்ச் மிதி இல்லை, கியரை ஒரு சின்ன மோட்டார் அமைப்பு மாற்றும். மாற்றும்போது ஒரு தலையாட்டல் இருக்கும், உண்மைதான். ஆனால் முழங்கால் பிரச்சினை உள்ளவர்களுக்கும், புதிதாக ஓட்டக் கற்றுக்கொண்டு அண்ணா சாலை நெரிசலைப் பார்த்துப் பயந்தவர்களுக்கும் இந்த விலையில் ஆட்டோமேட்டிக் கிடைத்தது சாதாரண விஷயமில்லை.

2022 ஆகஸ்டில் வந்ததுதான் இன்றைய ஆல்ட்டோ கே10. இதில் அடித்தளமே புதிது, சுசுகியின் ஹார்டெக்ட். நீளம் 3,530, வீல்பேஸ் 2,380 மி.மீ., எடையும் கூடிவிட்டது. 998 சிசி இன்ஜின், சான்றளித்த மைலேஜ் லிட்டருக்கு 24.39 கி.மீ., ஏஜிஎஸ் என்றால் 24.90. இதைவிடக் குறைவான எடையோடு ஓடிய பழைய 800 நெடுஞ்சாலையில் கஷ்டப்பட்டுக் கொடுத்த மைலேஜை இது ஊருக்குள்ளேயே நெருங்குகிறது. 2023-இல் குளோபல் என்கேப் இதற்குப் பெரியவர் பாதுகாப்பில் இரண்டு நட்சத்திரம் கொடுத்தது, குழந்தைகள் பாதுகாப்பில் பூஜ்ஜியம். போதாது, சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் இதை யோசித்துத்தான் வாங்க வேண்டும். ஆனால் பூஜ்ஜியத்திலிருந்து இரண்டுக்கு வந்ததை இல்லை என்று சொல்ல முடியாது. 2024 ஆகஸ்டில் ஈஎஸ்பி (வண்டி சறுக்கித் திரும்பிவிடாமல் பிடிக்கும் அமைப்பு), 2025 மார்ச்சில் எல்லா வகையிலும் ஆறு ஏர்பேக்.

2023 மார்ச்சோடு ஆல்ட்டோ 800 நின்றது. அடுத்த மாதம் வரவிருந்த விதிப்படி, ஆய்வகத்தில் மட்டுமல்லாமல் ரோட்டில் ஓடும்போதும் புகை அளவு வரம்புக்குள் இருக்க வேண்டும், காரே அதைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். அதற்கான செலவை அந்த விலையில் எடுக்க முடியாது. இன்ஜின் தெரிந்தவர்கள் இதைக் கொஞ்சம் உணர்ச்சியோடுதான் பார்த்தார்கள். 1983-இல் வந்த 800-இன் சிலிண்டர் விட்டம் 68.5 மி.மீ., பிஸ்டன் நகரும் தூரமான ஸ்ட்ரோக் 72 மி.மீ. 2023-இல் நின்ற ஆல்ட்டோ 800-இலும் அதே 68.5, அதே 72. கார்புரேட்டர், எம்பிஎஃப்ஐ, ஆறு வால்வு, பன்னிரண்டு வால்வு, யூரோ 1 முதல் பிஎஸ்-6 வரை எல்லாம் மேலே மேலே வந்து உட்கார்ந்தன, அடிப்படை அளவு நாற்பது வருடம் மாறவே இல்லை.

சரி, விலைக்கு வருவோம். 2025 செப்டம்பரில் சின்னக் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்ததும் கே10 ஆரம்ப விலை 3.70 லட்சத்துக்கு வந்தது. அதன் மேல் தமிழ்நாட்டில் 5 லட்சத்துக்குள் உள்ள காருக்கு 12 சதவீத ஆயுள் வரி, அப்புறம் இன்சூரன்ஸ். எல்லாம் போக நாலரை லட்சத்தை ஒட்டி நிற்கும். இதில் ஆறு ஏர்பேக், ஏபிஎஸ், ஈஎஸ்பி, புகைச் சுத்திகரிப்பு, கெட்டியான கூடு எல்லாம் இருக்கிறது. 1983-இன் 47,500-க்கு இவற்றில் ஒன்றுகூட இல்லை. அதனால் கார் விலை ஏறிவிட்டது என்று சொல்வதைவிட, இரண்டு சக்கர வண்டியிலிருந்து காருக்கு மாற நினைக்கும் குடும்பத்தின் வருமானம் அந்த வேகத்தில் ஏறவில்லை என்று சொல்வதே சரி. ஆல்ட்டோ விற்பனை சரிந்ததற்கு அது பெரிய காரணம். வசதி கூடியவர்கள் எஸ்யூவி பக்கம் போனது இன்னொரு காரணம். இலங்கையில் 2020-இல் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது பழைய ஆல்ட்டோக்கள் புதுக் காரின் விலையைத் தாண்டி விற்றன, மீண்டும் திறந்தது 2025-இல்தான். சின்னக் காருக்கான தேவை எங்கேயும் போய்விடவில்லை என்பதற்கு அந்த விலைகளே போதும்.

வாங்கப் போகிறவர்களுக்கு என் கருத்து. புதுசு என்றால் கே10-இல் விஎக்ஸ்ஐ வகை, கொஞ்சம் பணம் இருந்தால் ஏஜிஎஸ். 2025 மார்ச்சுக்கு முன் தயாரித்து ஷெட்டில் நின்ற வண்டியைத் தள்ளுபடி என்று காட்டினால் எத்தனை ஏர்பேக் என்று கேட்டு, கதவைத் திறந்து நீங்களே பாருங்கள். பழையது என்றால் 2019 ஏப்ரலுக்குப் பிந்தைய ஆல்ட்டோ 800-ஐ மட்டும் தேடுங்கள், அதில்தான் ஏபிஎஸ்ஸும் ஓட்டுநர் ஏர்பேக்கும் எல்லா வகையிலும் இருக்கும். 796 சிசி இன்ஜினில் டைமிங் பெல்ட், எப்போது மாற்றினார்கள் என்று பில்லோடு கேளுங்கள். கே-சீரிஸில் செயின், அந்தக் கவலை இல்லை. கடலோர ஊர் வண்டி என்றால் மிதியடியைத் தூக்கி அடித்தகட்டில் துரு பாருங்கள். 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகள் 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்கென்று செய்தவை அல்ல, எரிபொருள் ரப்பர் குழாய்களை மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

ஆசைக்காக 800 தேடுகிறவர்களுக்கு: 15 வருடம் தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்க 5,000 ரூபாய், 20 வருடம் தாண்டினால் 2025 ஆகஸ்ட் முதல் 10,000. எஃப்சி-யும் (தகுதிச் சான்று) எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் காலி ரோட்டில் ஓட்ட வாங்குங்கள், சந்தோஷமாக இருக்கும். பிள்ளைகளைப் பின்னால் உட்கார வைத்து நாலு வழிச் சாலையில் லாரிகளுக்கு நடுவே போக வாங்காதீர்கள்.